வாளும் வாய்க்காலும்

கொழும்பு கறுவாத்தோட்டத்திலே வார்ட் பிளேஸ் என்றொரு வீதி உண்டு. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வைத்தியரை நாடிச் செல்லும் நம்மவர் நாவில் அப்பெயர் பயில்கின்றது. ஆயினும், அப்பெயருக்குரிய சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட் யாவர் என்பதை அறிந்தோர் சிலரே.

நாவலாசிரியர் ஒருவரின் மைந்தராக 1797 இற் பிறந்த வார்ட், 1816 இல் இராசதந்திர சேவையிற் புகுந்தார். ஸ்டொக்ஹோம், ஹேக், மட்ரிட் நகரங்களிற் பணிபுரிந்தபின் மெக்சிக்கோவில் பிரித்தானியப் பிரதிநிதியாக விளங்கினார். அந்நாட்டைப் பற்றி நூலொன்றும் எழுதினார். பின்னர் பாராளுமன்றம் புகுந்து, அயர்லாந்துத் திருச்சபையின் மிகைச் சொத்தைக் குறைக்க வேண்டுமென 1834 இற் பிரேரணை கொணர்ந்த முற்போக்காளரும் அவரே.

1849 இல் கிரேக்கர் வாழும் அயோனியத் தீவுகளுக்கு ஆணையாளரானார். அவ்வாண்டே செபலோனியாவிற் கிளர்ச்சி மூண்டது. சீர்திருத்தம் பேசிய அதே வாய் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் சவுக்கடிபட்டனர்.

1855 இல் இலங்கைத் தேசாதிபதியாக வந்த வார்ட் வேறொரு பாடம் கற்றார். 1832 இல் இராசகாரியம் ஒழிந்தபின், குளங்களைப் பேணும் கூட்டுழைப்பும் தளர்ந்திருந்தது. மட்டக்களப்புப் பகுதியை நேரிற் கண்ட அவர், இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். நீர்ப்பங்கீட்டில் ஊராரின் பழைய வழக்கங்களுக்கு 1856 ஆம் ஆண்டின் நெல்வேளாண்மைச் சட்டம் மீண்டும் வலுவளித்தது. கட்டளையால் ஆகாதது வழக்கத்தை மதித்தலால் ஆயிற்று.

எனினும் அவர் ஏகாதிபத்தியத்தின் ஊழியரே. 1857 இல் இந்தியக் கிளர்ச்சியை அடக்க இங்கிருந்த ஐரோப்பியப் படையை வங்காளத்துக்கு அனுப்பினார். 1858 இல் அவர் தொடக்கிவைத்த கண்டிப் புகையிரதப் பாதையும் முதற்கண் கோப்பித் துரைமாரின் நலம் கருதியதே.

1860 இற் சென்னைக்கு ஆளுநராகச் சென்றவர், ஒரு திங்கள் நிறையுமுன், ஆகஸ்ட் 2 ஆம் நாள் வாந்திபேதியால் மாண்டார். அதே சென்னை மாகாணத்திலிருந்து கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரையும் அந்நோய்தான் வழிநெடுகப் பலிகொண்டது. அவர்கள் பெயரால் வீதி இல்லை.

தேசாதிபதியின் பெயரைக் காப்பது வீதிப்பலகை. அவரை நாம் அளக்க வேண்டிய இடமோ வேறு: ஒருபுறம் செபலோனியாவின் தூக்குமரம், மறுபுறம் இறக்காமத்து வயலிற் பாய்ந்த நீர். இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை உரைப்பது வரலாறு ஆகாது.