பூமியின் மறுபக்கத்துக்கு ஒரு பயணத் திட்டம்

ஜொகூர் பாருவில் ஒரு குழி தோண்டி, பூமியின் நடுவைக் கடந்து நேராக மறுபக்கம் வெளியே வந்தால் எந்த ஊரில் இருப்போம்? உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டே என் மகன் கேட்ட கேள்வி இது. தேடிப் பார்த்தோம். தென் அமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் அமேசான் காடு! அதற்கு மிக அருகில் உள்ள தலைநகரம் கீட்டோ.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். அருகில் இருந்த அம்மாதான், "அமேசானா? நம்ம பால்மரம் வந்த காடுதானே? அப்ப நானும் வரேன்" என்றார். 68 வயது. கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் இளமை முழுவதும் பால் வெட்டியவர்.

அம்மா சொன்னது சரிதான். 1876-இல் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து லண்டனுக்குப் போன விதைகள் முளைத்து, மறு ஆண்டு சிங்கப்பூருக்குக் கன்றுகளாக வந்தன. கீட்டோவுக்கும் இதில் பங்கு உண்டு. பூமியின் வடிவத்தை அளக்க 1736-இல் அங்கு சென்ற பிரெஞ்சு அறிவியலாளர் லா கொண்டமைன்தான், அந்நாட்டு ரப்பரைப் பாரிசுக்கு அனுப்பி வைத்தவர்.

உற்சாகமாகத் திட்டம் போட்டோம். நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும். எனவே சாங்கியிலிருந்து ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து கீட்டோ. பண மாற்றம் சுலபம். 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே அமெரிக்க டாலர்தான். நமக்கு இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை ஏழு. 2024 ஜனவரியில் குற்றக் கும்பல்களுக்கு எதிராக அந்நாடு அவசரநிலை அறிவித்தது. எனவே டிக்கெட் எடுக்கும் முன் நம் வெளியுறவு அமைச்சின் அறிவிப்புகளைப் பார்ப்பது நல்லது.

சிக்கல் கிளினிக்கில்தான் காத்திருந்தது. எக்குவடோர், மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இது மஞ்சள் காமாலை அல்ல, கொசு பரப்பும் வேறொரு நோய். அந்நாடுகளிலிருந்து மலேசியாவுக்குள் வருபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கப் போதும்.

எனக்கு இதில் பிரச்சினை இல்லை. ஆனால் அறுபது வயதைக் கடந்தவர்கள் முதல் முறையாக இந்த ஊசியைப் போடும்போது, கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அரிதுதான், ஆனாலும் தேவை இருந்தால் மட்டுமே போட வேண்டும் என்றார் டாக்டர். கீட்டோ நகரத்தில் அந்தக் கொசுவுக்கே இடமில்லை, அவ்வளவு உயரம். அதாவது, அம்மா ஊசி போட வேண்டியது அங்கே போவதற்காக அல்ல, வீடு திரும்புவதற்காக!

அந்த உயரமும் இன்னொரு கவலை. நம் லேடாங் மலை உச்சி 1,276 மீட்டர். கீட்டோ சுமார் 2,850 மீட்டர். இறங்கியதும் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இரண்டு நாளாவது மெதுவாக நடந்து உடம்பைப் பழக்க வேண்டும். அம்மாவோ ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

காரில் திரும்பும்போது எப்படிச் சொல்வதென்று நான் தயங்க, அம்மாவே கேட்டார். "அங்க போய் முக்கியமா என்னதான் பாக்கப் போறோம்?"

"பூமத்திய ரேகைக் கோடும்மா. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வச்சு நிக்கலாம். கீட்டோவுக்கு வடக்கே பெரிய நினைவுச் சின்னம் கட்டியிருக்காங்க. ஆனா உண்மையான கோடு அங்கேயிருந்து 240 மீட்டர் தள்ளிப் போகுதாம்."

"அந்தக் கோடு உலகத்தச் சுத்தித்தானே போகுது? நம்ம பக்கம் வராதா?"

வருகிறது! கூச்சிங்கிலிருந்து பஸ்ஸிலேயே போகக்கூடிய இந்தோனேசியாவின் போந்தியானாக் நகரில். அங்கேயும் நினைவுச் சின்னம் உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளில், நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே மறைந்துவிடும்.

கீட்டோ பயணத்தைக் கைவிடவில்லை. நானும் மகனும் பிறகு போவோம். முதலில் செப்டம்பரில் அம்மாவோடு போந்தியானாக். அவருடைய கடப்பிதழைப் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று.

வீட்டில் பெரியவர்களோடு தூர தேசம் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.