சொல்லத் தெரியாதவரின் நோவும் அமானிதமே

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருச்சமூகத்திற்கு ஒரு நாள் ஒரு பெண்மணி வந்தார். அவருடைய அறிவில் சிறிது குறைபாடு இருந்தது. தமக்கு ஒரு தேவை இருப்பதாக அவர் முறையிட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை, இன்னாரின் தாயே என்று கண்ணியத்தோடு விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அந்தத் தெருவை அவரே தேர்ந்துகொள்ளுமாறு பணித்தார்கள். பின்னர் அவருடன் வழியோரத்தில் ஒதுங்கி நின்று, அவர் தேவை நிறைவுறும்வரை செவிமடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மற்றவர் வரும் இடத்திற்கு, மற்றவர் பேசும் முறையில் வந்து பேசுமாறு அப்பெண்மணி ஏவப்படவில்லை. கேட்பவரே தம் இடத்தையும் நேரத்தையும் அவருக்காக மாற்றிக்கொண்டார்கள். இந்தச் சிறு மாற்றம் செய்யப்படாத இடங்களில் உயிர்கள் மடிகின்றன என்பதை இன்றைய இங்கிலாந்தின் ஆய்வுகள் மெய்ப்பிக்கின்றன.

எண்கள் கூறும் உண்மை

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோரும், ஆட்டிசம் எனப்படும் தன்மையுடன் பிறந்தோரும் உலகின் எல்லாச் சமுதாயங்களிலும் உள்ளனர். இங்கிலாந்தில் மருத்துவம் அனைவருக்கும் இலவசம். அவ்வாறிருந்தும் இவர்கள் மற்றவரினும் பல ஆண்டுகள் முன்னதாகவே மரிக்கின்றனர்.

2007ஆம் ஆண்டில் 'மென்கேப்' என்னும் அறநிறுவனம், மருத்துவமனைகளின் பராமரிப்பில் இருந்தபோது இறந்த அறுவரின் வரலாற்றை வெளியிட்டது. அவர்களுள் ஒருவர் 43 வயதினர். பக்கவாதம் கண்டு விழுங்கும் ஆற்றலை இழந்தவர். உணவு செலுத்துவார் யாருமின்றி 26 நாட்கள் கிடந்து அவர் உயிர் துறந்தார். நோய் கொன்றதா, அசட்டை கொன்றதா?

இதனைத் தொடர்ந்து அரசு விசாரணைகள் நடந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தென்மேற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த 247 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013இல் அறிக்கை தந்தது. பொதுமக்களை நோக்க, இக்குறைபாடுடைய ஆண்கள் 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்தனர் என்று அது கூறிற்று. 2015 முதல் இத்தகைய மரணங்களை ஆராய்வதற்கென்றே 'லெடர்' என்னும் திட்டம் அந்நாட்டில் நடைபெறுகிறது. அதன் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இவர்களின் மரணங்களுள் நூற்றுக்கு 49 தவிர்த்திருக்கக்கூடியவை. பொதுமக்களிடையே அது 22 மட்டுமே. அடுத்த ஆண்டில் 49 என்பது 42ஆகக் குறைந்தது. கொரோனா கொள்ளை நோயின் முதல் அலையிலோ, 18 முதல் 34 வயது வரையுள்ளோரிடையே இவர்களின் மரண விகிதம் ஏனையோரைப்போல் 30 மடங்காயிற்று.

நோவு மறைக்கப்படும் விதம்

இவர்களைக் கொல்லும் நோய்கள் மருத்துவம் அறியாத புதுமைகள் அல்ல. நுரையீரல் அழற்சி, உணவு மூச்சுக்குழலில் இறங்குவதால் வரும் சுவாச நோய், காக்கை வலிப்பு, இரத்தத்தில் நச்சேறுதல் போன்றவையே. முற்றிய மலச்சிக்கல்கூடச் சிலரின் உயிரைப் பறித்துள்ளது.

காரணம் என்ன? வயிற்று வலி கண்ட ஒருவர், எனக்கு வலிக்கிறது என்று சொல்வார். சொல்லத் தெரியாதவர் தலையைச் சுவரில் மோதுவார், உண்ண மறுப்பார், அலறுவார், அல்லது முற்றிலும் அடங்கிப் போவார். காண்பவரோ, அவருடைய இயல்பே அதுதான் என்று எண்ணி விடுகின்றனர். குறைபாட்டின் நிழல் நோயின் மீது விழுந்து அதனை மறைத்துவிடுகிறது. அந்த நடத்தைக்காக மருந்து கொடுத்து அடக்கினால், உடல் எழுப்பிய ஒரே அபயக் குரலும் அடங்கிப் போகிறது. மனநோய் இன்னதென்று கண்டறியப்படாமலே நாள்தோறும் மனநல மருந்து உட்கொள்வோர், இக்குறைபாடுடையோரிடையே 30,000 முதல் 35,000 பேர் வரை இருப்பர் என்று 2015இல் இங்கிலாந்தின் பொதுநலத் துறை மதிப்பிட்டது.

ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞரின் மரணம் அந்நாட்டையே உலுக்கியது. ஆட்டிசமும் வலிப்பு நோயும் உடைய அவருக்கு ஒரு மருந்து ஒவ்வாது என்று அவரும் பெற்றோரும் எடுத்துரைத்திருந்தனர். ஆயினும் அது கொடுக்கப்பட்டது. மூளை வீங்கி, 2016 நவம்பரில் அவர் இறந்தார். அவருடைய தாயார் ஓயாது போராடியதன் பயனாக, மருத்துவ, பராமரிப்புப் பணியாளர் அனைவரும் இத்தகையோரை நடத்தும் முறையில் பயிற்சி பெற வேண்டும் என 2022ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. பணியாளருக்கென வகுக்கப்பட்ட பயிற்சி அவ்விளைஞரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அஜல் வந்தது என்று கூறலாமா?

இங்கே நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழும். ஒவ்வோர் உயிருக்கும் அல்லாஹ் தவணை விதித்திருக்கிறான். அஜல் வந்தால் ஒரு நொடி முந்தாது, பிந்தாது. அவ்வாறாயின், தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று ஒன்று உண்டா?

விதியின் மீது ஈமான் கொள்வது கடமை. ஆனால் விதியைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க மார்க்கம் இடமளிக்கவில்லை. ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியதை வழியில் அறிந்த உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். இறை விதியை விட்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பசுமையான புறமும் வறண்ட புறமும் உள்ள பள்ளத்தாக்கில், எப்புறத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதியின்படியே என்று உவமையும் காட்டினார்கள்.

ஃபிக்ஹுச் சட்டமும் இதையே உறுதி செய்கிறது. தவறுதலாக ஒருவர் மற்றவரின் மரணத்திற்குக் காரணமானால், இறந்தவரின் அஜல் முடிந்தது என்று கூறி அவர் தப்ப முடியாது. தியத் எனும் ஈட்டுத்தொகை கடமையாகிறது. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்து கேடு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என அபூதாவூதில் நபிமொழி உள்ளது. தவணை அல்லாஹ்வின் கையில். கவனிப்பு நம் கையில். மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது இரண்டாவதைப் பற்றியேயாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவக் கலையை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவரும் அதனை நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். மருத்துவமனை இருந்தும், அதன் வாயிலில் நிற்கும் ஒரு பிரிவினரின் நோவு கேட்கப்படாவிடில், அக்கடமை நிறைவேறியதாகக் கருத முடியுமா?

செய்யத் தக்கவை

இங்கிலாந்தில் 14 வயது முதல், மருத்துவரின் பதிவேட்டில் இடம்பெற்ற அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோருக்கு ஆண்டுதோறும் முழு உடற்பரிசோதனை செய்யப்படுகிறது. நோயாளியின் வழக்கங்கள், வலியைக் காட்டும் விதம், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதி வைத்த ஏடு ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். கூடுதல் நேரம், அமைதியான அறை, எளிய சொல் ஆகிய தக்க மாற்றங்களைச் செய்து தருவதை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடமையாக்கியுள்ளது. அனைவரையும் ஒரே விதமாக நடத்துவது நீதியன்று. அவரவர்க்கு வேண்டியதை அளிப்பதே நீதி.

ஆயினும் பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு அந்த ஆண்டுப் பரிசோதனை கிட்டுவதில்லை. அந்நாட்டின் சிறுபான்மை இனத்தவருள் இக்குறைபாடுடையோரின் சராசரி மரண வயது 34, வெள்ளையருள் 62. 2023ஆம் ஆண்டின் அறிக்கை ஒன்று இதனை வெளியிட்டது. அச்சமூகங்களில் இளவயதினர் மிகுதி என்பதும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம். எனினும் அது மட்டுமே காரணமன்று.

சகோதரர்களே, தாய்மார்களே! இத்தகைய பிள்ளை இருக்கும் இல்லத்தார் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பிள்ளையை நாணத்தால் மறைத்து வைப்பது, மருத்துவத்தையும் மறைத்து வைப்பதாகும். அவன் உண்ணும் அளவும், உறங்கும் நேரமும், மலங்கழிக்கும் வழக்கமும் மாறினால், இது அவன் இயல்பு என்று ஒதுக்காதீர்கள். உடலில் என்ன நோவு என்று முதலில் தேடுங்கள். அவன் வழக்கங்களை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். தாய் மறைந்த பின்னரும் அந்த ஏடு அவனுக்காகப் பேசும். மருத்துவர் அவசரப்பட்டால், மீண்டும் பார்க்குமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அமானிதத்தைக் காப்பவரின் கடமையுமாகும்.

பேச நாவற்றோரின் நோவை அறிந்துகொள்ளும் செவியையும், அவர்களுக்காக நின்று காத்திருக்கும் பொறுமையையும் வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.