இரு ஞானசௌந்தரிகள்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மயிலாப்பூரில் நம் குடும்பத்தினர் சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் தீர்ப்பு வழங்குவர். வீண்பேச்சென்று சிலர் கடிந்துகொள்வர். நாம் அங்ஙனம் எண்ணவில்லை.

வெட்டுண்ட கைகளைத் தேவமாதாவின் அருளால் மீண்டும் பெற்ற ஞானசௌந்தரியின் கதையை 1948-இல் இரு நிறுவனங்கள் படமாக்கின. ஒன்று சிட்டாடல். மற்றொன்று, அண்ணா மேம்பாலத்திற்கு மக்கள் வழக்கில் இன்றும் பெயர் தரும் ஜெமினி. அவ்வாண்டிலேயே 'சந்திரலேகா'வைத் தந்த பெருநிறுவனம். எனினும் மக்கள் சிட்டாடல் படத்தையே கொண்டாடினர். வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சிட்டாடல் படத்தில் ஜிக்கியின் இளங்குரலில் தொடங்கும் மாதா பாடல், பி. ஏ. பெரியநாயகியின் குரலாக வளர்கிறது, சிறுமி கன்னியாகிறாள். அவ்விடமே படத்தின் உயிர் என்போம். எம். வி. ராஜம்மாவின் நடிப்பே என்பாரும் நம் பங்கில் உளர். அவர்களோடு வாதிட நாம் எந்நாளும் ஆயத்தம்.