ஒரு டாலர் இருபது செண்ட் நஷ்டம்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. தீசிஸ், பகுதிநேர வேலை, துவைக்காத துணின்னு வழக்கமான சாக்கு எல்லாம் கைவசம் இருக்கு. அதை விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

2025-ல் ஒரு சனிக்கிழமை காலை. தெற்கு ஆக்லாந்தில் ஒரு சந்தை. ஒரு பக்கம் சேப்பங்கிழங்கு மாதிரி பெருசு பெருசா டாரோ, இன்னொரு பக்கம் தேங்காய், பழைய துணி, யாரோ கிதார் வாசிக்கிறாங்க. நடுவில் ஒரு மடக்கு மேஜை. அதுக்குப் பின்னாடி பன்னிரண்டாம் வகுப்புப் பசங்க நாலு பேர். மேஜை மேல் காய்கறி வாங்குற துணிப்பை நாற்பது. பக்கத்தில் குளிரில் கையைத் தேய்ச்சுக்கிட்டு நான்.

நான் எப்படி அங்கே? என் கூட வீட்டில் தங்கியிருக்கிறவர் பள்ளிக்கூட வாத்தியார். "பசங்க ஒரு கம்பெனி நடத்துறாங்க, கணக்கு தெரிஞ்ச ஆள் வேணும், நீ நிதி மேலாண்மைதானே படிக்கிறே?"ன்னு இழுத்துட்டுப் போயிட்டார். படிக்கிறது உண்மைதான். ஆனா அன்னிக்கு வரைக்கும் நான் ஒரு தீப்பெட்டி கூட வித்தது கிடையாது. ஏன்னு பிறகு சொல்றேன்.

நியூசிலாந்தில் 'யங் எண்டர்பிரைஸ் ஸ்கீம்'னு ஒரு திட்டம் இருக்கு. சுருக்கமா 'யெஸ்'னு சொல்றாங்க. 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்குது. மேல்நிலை வகுப்புப் பசங்க குழுவாச் சேர்ந்து ஒரு வருஷம் நிஜமாவே ஒரு சின்னத் தொழிலை நடத்தணும். தலைமை, நிதி, விற்பனை, உற்பத்தின்னு ஆளுக்கொரு பொறுப்பு. பொருள் அவங்களே யோசிச்சது, லாபமும் நஷ்டமும் நிஜக் காசு. வெளியிலிருந்து தொழில் தெரிஞ்சவங்க வந்து வழி சொல்வாங்க. இந்த ஊர்ப் பள்ளித் தேர்வுக்கு அதிலிருந்து மதிப்பெண்ணும் எடுத்துக்கலாம்.

இது நியூசிலாந்துக்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. 1919-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் தொடங்கின 'ஜூனியர் அச்சீவ்மெண்ட்'தான் இதுக்கெல்லாம் பெரியப்பா. 1962-ல் பிரிட்டனில் 'யங் எண்டர்பிரைஸ்' வந்தது. நம்ம நாட்டில் 2021-ல் டெல்லி அரசு 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்'னு அரசுப் பள்ளியில் 11, 12-ஆம் வகுப்புப் பசங்களுக்குத் தலைக்கு 2000 ரூபாய் முதல் கொடுத்துத் தொழில் பண்ணச் சொன்னது.

நம்ம நாலு பேர் கதைக்கு வருவோம். அவங்க முதல்ல விக்க நினைச்சது 'பனிகெகெ'. சமோவாக்காரங்களோட இனிப்பு போண்டான்னு வச்சுக்கோங்க. ஆனா 2014 உணவுச் சட்டப்படி இங்கே உணவு வித்துத் தொழில் பண்ணணும்னா பெரும்பாலும் பதிவு, சோதனைன்னு போகணும். பசங்க படிச்சுப் பார்த்துட்டுப் பின்வாங்கிட்டாங்க. 2019 ஜூலையில் கடைகளில் பிளாஸ்டிக் கைப்பையைத் தடை பண்ணினாங்க, 2023 ஜூலையில் காய்கறி போடுற மெல்லிசுப் பையும் போச்சு. சரி, துணிப்பை தைப்போம்னு முடிவு.

ஆளுக்கு 30 டாலர், மொத்தம் 120 முதல். துணி, நூல், கயிறு எல்லாம் 72 டாலர். நாற்பது பை தைச்சாங்க. ஒரு பை 5 டாலர். சந்தையில் இடத்துக்கு 30 டாலர்.

மத்தியானம் வரைக்கும் ஒன்பது பை போச்சு. 45 டாலர்! இடத்துக்குக் கொடுத்தது போகக் கையில் 15. பசங்க ஒரே ஆட்டம். நிதி பார்க்கிற பொண்ணு என்கிட்ட நோட்டை நீட்டினா.

எனக்குச் சொல்ல மனசே வரலை. ஆனாலும் கேட்டேன். "வித்த ஒன்பது பைக்குத் துணி என்ன விலை?"

ஒரு பைக்கு 1.80. ஒன்பது பைக்கு 16.20. நாற்பத்தைஞ்சில் முப்பதும் பதினாறு இருபதும் போனா...

அவ ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தா. அப்புறம் மத்த மூணு பேரையும் கூப்பிட்டு மெதுவாச் சொன்னா: "நமக்கு ஒரு டாலர் இருபது செண்ட் நஷ்டம்."

அந்த அமைதி இருக்கே, என்னோட ரெண்டு வருஷ மாஸ்டர்ஸில் எந்த வகுப்பிலும் நான் பார்க்காதது. 'விற்ற பொருளின் அடக்கவிலை'ன்னு எங்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுவாங்க. நாங்க தலையாட்டுவோம். இவங்களுக்கு அது வயித்தில் போய் விழுந்தது.

இதுக்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். ஒரு பையனோட அம்மா வந்தாங்க. ரொம்ப நல்லவங்க. "மிச்சம் முப்பத்தொண்ணையும் எங்க சர்ச்சில் எல்லாரையும் வாங்க வச்சுடறேன், கவலைப்படாதீங்க"ன்னாங்க. எனக்கும் அப்பாடான்னு இருந்தது. சரின்னு சொல்லவும் வாயைத் திறந்துட்டேன்.

அந்த நிதிப் பொண்ணு வேண்டாம்னுட்டா. "ஆண்ட்டி, அவங்க பைக்காக வாங்க மாட்டாங்க, உங்களுக்காக வாங்குவாங்க."

பதினாறு வயசு! நான் வாயை மூடிக்கிட்டேன்.

இந்த மாதிரித் திட்டங்களோட பலவீனமே இங்கேதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. வசதியான வீட்டுப் பசங்க நஷ்டப்பட்டா அப்பா ஒரு செக் எழுதிடுவார், சித்தப்பா கம்பெனியில் மொத்தமா ஆர்டர் எடுத்துடுவார். பரிசு மேடையில் நிக்கும்போது அது யாருக்கும் தெரியாது. 30 டாலரைப் பகுதிநேர வேலை பார்த்துக் கொண்டு வந்த பசங்களுக்கு அந்தப் பணம் போனா போனதுதான். ரெண்டு பேரும் ஒரே பாடத்தையா படிக்கிறாங்க? நஷ்டத்தைத் தாங்கக்கூடிய அளவுக்குச் சின்னதா வைக்கணும். அப்படி வச்ச பிறகு பெரியவங்க குறுக்கே போய் அதைத் துடைக்கக் கூடாது. சொல்ல ஈசி. அன்னிக்கு நானே துடைக்கத்தானே பார்த்தேன்.

அடுத்த வாரம் பசங்க சந்தைக்குப் போனாங்க, விக்க இல்லை, கேக்க. "ஏன் வாங்கலை?" வந்த பதில்: ஒரு பை வச்சு என்ன பண்ண, தக்காளிக்கு ஒண்ணு வெங்காயத்துக்கு ஒண்ணு வேணாமா? அதனால மூணு பை ஒரு கட்டு, 12 டாலர். இடவாடகை இல்லாத ஒரு பள்ளி விழாவில் எட்டுக் கட்டு போச்சு. 96 டாலர். மீதி ஏழு பையை அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

வருஷக் கடைசிக் கணக்கு: வரவு 141, செலவு 102, லாபம் 39 டாலர். ஆளுக்கு 9.75. நாலு பேரும் உழைச்ச நேரம் ஏறக்குறைய அறுபது மணின்னு அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. அதாவது மணிக்கு 65 செண்ட். 2025 ஏப்ரலில் இங்கே வயசு வந்தவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 டாலர் ஆச்சு. "பேசாம பர்கர் கடைக்கே போயிருக்கலாம்"னு ஒருத்தன் சொல்ல, ஒரே சிரிப்பு. ஆனா கணக்கு மூடின நோட்டை அந்தப் பொண்ணு யாருக்கும் கொடுக்கலை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா.

இப்போ என் கதை. அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் மளிகைக்கடை. நான் கல்லாப் பக்கம் போனாலே விரட்டுவார். "இதெல்லாம் என்னோட போகட்டும், நீ போய் படி." கடையில் ஒரு நாள் உக்காரவிடாம வளர்த்து, கடன் வாங்கி ஆக்லாந்து அனுப்பினார். இங்கே வந்து பார்த்தா, அவர் என்னை விரட்டின இடத்துக்குத்தான் பள்ளிக்கூடமே பசங்களைக் கூட்டிட்டுப் போகுது :-)

நம்ம ஊரில் பள்ளிக்கூடமும் கடையும் இவ்வளவு தூரமா இருந்ததில்லை. விருதுநகர் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவுன்னு மகமை எடுத்துப் பொதுக் காரியம் பண்ணினவங்க. 1889-ல் தொடங்கின சத்திரிய வித்தியாசாலா, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வளர்ந்த பள்ளி. அங்கே படிச்ச காமராஜர் படிப்பை விட்டுட்டுப் போய் நின்னது மாமாவோட துணிக்கடையில். செட்டிநாட்டில் பெட்டியடிப் பையனாச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகித் தொழில் படிச்சாங்க. அந்தப் படிப்பில் சாதியும் குடும்பமும்தான் நுழைவுச்சீட்டு. அந்தக் கதவைப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்து விட்டா அது பெரிய விஷயம்தானே?

போன வாரம் அப்பாகிட்ட போனில் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நஷ்டம்னு அந்தப் புள்ளையே கண்டுபிடிச்சுதா?"ன்னார்.

"ஆமாப்பா."

"ம்ம். எனக்கு அது புரிய மூணு வருஷம் ஆச்சு தம்பி."

கடை ஆரம்பிச்ச மூணு வருஷத்தைப் பத்தி அப்பா என்கிட்ட பேசினது அதுதான் முதல் தடவை. நாற்பது நிமிஷம் பேசினார். ஊருக்கு வரும்போது பழைய பேரேட்டை எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்கார்.

உங்க வீட்டிலும் கடை இருந்து, உங்களையும் விரட்டியிருந்தா, பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.