வயிறு சுருங்கியது, நாக்கு சுருங்கவில்லை

"பசியாறியாச்சா?" வழியில் ஒருவரைக் கண்டால் நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். சோறு போடுவதில்தான் நம் அன்பும் மரியாதையும் அடங்கியிருக்கின்றன. அதனால்தான், உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் வீடுகளில் படும் பாடு இரட்டிப்பாகிறது.

அன்பான வாசகர்களே, இது பணக்காரர் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2019இல் மலேசிய அரசு நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் இரண்டு பேரில் ஒருவர் எடை மிகுந்தவர். இந்தியர்களிடையே இந்த நிலை மற்ற இனத்தாரைவிட அதிகம். அன்று நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் பிரட்டுக்குப் போய், மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் வெட்டினார்கள். தட்டு நிறையச் சோறு அந்த உழைப்புக்குச் சரியாக இருந்தது. இன்று லோரி ஓட்டுகிறோம். காவல் வேலையில் உட்கார்ந்திருக்கிறோம். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முட்டி வலி என்று அவதிப்பட்டு, கடைசியில் டாக்டரின் யோசனைப்படி அறுவைக்குச் சம்மதிப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள்.

அறுவைக்குப் பின் நடப்பது என்ன?

அதிகமாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்தையோ அதற்குச் சற்று மேலாகவோ வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாய்தான். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பு பெரும்பாலும் உண்டாவது அந்த வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில். ஆகவே, முதல் சில மாதங்களுக்குப் பலருக்குப் பசியே தெரிவதில்லை. எடை மளமளவென்று இறங்கும். ஊரே பாராட்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழிந்தபின் பழைய ஆசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

என் பள்ளி மாணவன் ஒருவனின் தாயார் கண் கலங்கச் சொன்னார்: "டீச்சர், வயிறு போதும் என்கிறது, வாய் கேட்கமாட்டேன் என்கிறது. எல்லாரும் தூங்கியபின் அடுப்படியில் நின்று முறுக்கு டின்னைத் திறக்கிறேன். இவ்வளவு செலவு செய்தும் திருந்தவில்லையே என்று மாமியார் பேசுகிறார்."

அவர் செய்தது குற்றமல்ல. டாக்டரின் கத்தி வயிற்றைச் சிறிதாக்கும். இருபது முப்பது வருடப் பழக்கத்தையும், கவலை வந்தால் பலகாரத்தைத் தேடும் மனத்தையும் அது தொடுவதில்லை. அந்த வேலை பாக்கி இருக்கிறது. அதை அவர் ஒருவரே தனியாகச் செய்ய முடியாது.

எந்தப் பசி?

வயிற்றுப் பசி மெல்ல வரும். முட்டை கொடுத்தாலும் கீரை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். மனப் பசி திடீரென்று வரும். அதற்கு ரொட்டி சானாய்தான் வேண்டும், அல்லது தே தாரேக்தான் வேண்டும். "இப்போது அவித்த முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். 'ஆம்' என்றால் சாப்பிடுங்கள். 'வேண்டாம்' என்றால், கேட்பது வயிறு அல்ல.

மரத்தில் கோடு போட்டதும் பால் வேகமாக வடியும். நேரம் போகப் போகத் தானே சொட்டி நின்றுவிடும். ஆசையும் அப்படித்தான். கால் மணி நேரம் கடத்துங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். கொடியில் காயும் துணியை எடுத்து மடியுங்கள். பக்கத்து வீட்டு அக்காளோடு நாலு வார்த்தை பேசுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுவது மிக முக்கியம். பகலில் பட்டினி கிடந்தால் இரவில் முறுக்கு டின் கூப்பிடும். தட்டில் முதலில் மீன், முட்டை, கோழி, பருப்பு, அடுத்து காய்கறி, கடைசியில்தான் சோறு. பொதுவாக நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். சிறிய வயிற்றைச் சோற்றால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடம் ஏது? நன்றாக மென்று சாப்பிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இனிப்புப் பானத்தில் கவனம் தேவை. சோறு அடைத்து நிற்கும் சிறிய வயிற்றில் பால்டின் கலந்த தேநீர் தடையில்லாமல் இறங்கிவிடும். எடை மீண்டும் ஏறுவதற்கு இதுவும் ஒரு வழி. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் இன்னொரு முறையில் அறுவை செய்துகொண்டவர்கள் இனிப்பு உண்டால், அரை மணிக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு கலக்கலாம்.

சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைச் சிலர் மதுவில் தேடுகிறார்கள். அறுவைக்குப் பின் மது விரைவாகவும் அதிகமாகவும் இரத்தத்தில் ஏறும். அடிமையாகும் ஆபத்தும் கூடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

"ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். "இன்னுமா ஆசை விடவில்லை?" என்று குத்திக் காட்டவும் செய்யாதீர்கள். முதலாவது ஆசையைக் கிளறிவிடும். இரண்டாவது ஒளிந்து சாப்பிட வைக்கும். பலகார டின்னைக் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். தீபாவளிக்கு எட்டு டின் சுடும் வீட்டில் மூன்று போதும். கல்யாண வீட்டில் இலையை நிரப்ப வருகிறார்களா? "வயிறு நிறைந்துவிட்டது அண்ணி, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள்" என்று சொன்னால் யார் மனமும் நோகாது.

பிடித்த பண்டத்தை ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று சபதம் போடவேண்டியதில்லை. நல்ல நாளில், சாப்பாட்டுக்குப் பின், எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு சிறு துண்டு தின்பது வேறு. இருட்டில் நின்று அழுதுகொண்டே ஒரு டின்னைக் காலி செய்வது வேறு.

டாக்டர் தரும் வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுதும் எடுக்கவேண்டும். எடை குறைந்துவிட்டதென்று நிறுத்தக்கூடாது. வாந்தி விடாமல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடக்க முடியாமல் இரவுதோறும் சாப்பிட்டாலும், மனம் சோர்ந்து கிடந்தாலும், வெட்கப்படாமல் டாக்டரிடமும் உணவு ஆலோசகரிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்த தவணைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் கூடவே போங்கள். சமைப்பவரே போனால் இன்னும் நல்லது.