தோளிற் கரந்துறையும் தசை

கரும்பலகையின் மேல்விளிம்பில் எழுதுங் கையும் மைதானத்திற் பந்தெறியுங் கையும் ஒரு சிறு தசையின் துணையால் உயர்வன என்பதை நாம் எண்ணுவதில்லை. புலவர் தோளைக் குன்றென்றனர். அவர் கண்டது தோளின் புறத்தே திரண்டு நிற்கும் முக்கோணத் தசையையே. நாம் ஈண்டுக் கூறப்புகுவது பிற தசைகளின் கீழ் மறைந்து கிடக்கும் முள்மேற்றசையை. மேனாட்டார் இதனைச் சுப்பிராஸ்பைனேற்றஸ் என்பர்.

தோளின் பின்புறத்தைத் தடவின், தோட்பட்டை என்பின் குறுக்கே ஓடும் மேடொன்று கையிற் படும். அதுவே முள் எனப்படுவது. அதன் மேலுள்ள பள்ளத்தில் இத்தசை தொடங்கி, தோள்முனை என்பின் அடியாற் புகுந்து, புயவென்பின் உச்சிப் புடைப்பிற் பற்றுகின்றது.

தோள்மூட்டு இடுப்புமூட்டுப்போல ஆழ்ந்த குழியுடையதன்று. சிறு தட்டில் வைத்த தேசிக்காய்போலப் புயவென்பின் தலை அதில் அமர்ந்துள்ளது. ஆதலின் முக்கோணத் தசை தனித்து இழுப்பின் அத்தலை மேனோக்கி வழுக்கித் தோள்முனையை நெருக்கும். முள்மேற்றசையும் அதன் துணைத்தசைகள் மூன்றும் தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. அப்பிடியிருந்தாலன்றிப் பெருந்தசையின் வலிமை பயன்படாது. முதல் 15 பாகைவரை முள்மேற்றசை தனித்தே கையைத் தூக்கும், பின்னரே மற்றையது பொறுப்பேற்கும் எனப் பாடநூல்கள் பல கூறும். இன்மன் முதலியோர் 1944இல் வெளியிட்ட ஆய்வோ இரண்டும் தொடக்கமுதல் ஒருங்கே உழைப்பனவெனக் காட்டிற்று. எனினும் பழைய கூற்றை மனனஞ் செய்யும் மாணவர் இன்றும் உளர். அவரை நொந்து பயனென்ன?

என்புகளினிடையே ஒடுங்கிச் செல்லும் இதன் நாண் வயதோடு நைவது, அறுவதும் உண்டு. கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கால் 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையே மட்டும் நோவெடுப்பின், இந்நாண் நெருக்குண்பது காரணமாகலாம். எம்போன்ற ஆசிரியரும், ஐம்பதைக் கடந்த பழைய மாணவரும் இதனை 'வாயுப்பிடிப்பு' என்று சொல்லி எண்ணெய் பூசி அமைகின்றோம்.

அறுந்த இந்நாணைப் பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் கொட்மன் 1909இலேயே தைத்தார். அறுந்தவெல்லாம் கத்தியை வேண்டுவனவல்ல. பலருக்கு முறையான பயிற்சியே போதும். ஆயின் விழுந்தெழுந்தபின் கை திடீரென உயராதொழியின் எண்ணெய்ச் சட்டியைத் தேடாது விரைந்து வைத்தியரை நாடுதல் வேண்டும். நாட்செல்ல அறுந்த முனை பின்வாங்கும். தசையிற் கொழுப்புப் படியும். அதன்பின் தைத்தல் அரிதாகும்.