மேட்டூர் திறக்கும் தேதியை நம்பி மீன் குஞ்சு விடலாமா? டெல்டா குளங்களுக்கு ஒரு புதுக் கணக்கு

விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு எனக்குப் போன் வந்தால், பேசுபவர் மீன் வளர்ப்பவர் என்று எடுக்கும்போதே தெரிந்துவிடும். "சார், குளத்து மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன பண்றது?" பெரும்பாலும் சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் போன் வரும். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு வரும். அந்த நேரத்தில் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுவேன். ஆனால் சேதம் நடப்பதற்கான காரணம் பல மாதங்களுக்கு முன்பே, குஞ்சு விட்ட அன்றே, குளத்துக்குள் போயிருக்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்குகிறேன்.

ஆற்றுத் தண்ணீரின் காலண்டர்

நம் அப்பா, தாத்தா காலத்துக் கணக்கு எளிது. ஜூன் 12ல் மேட்டூர் திறக்கும், ஜனவரி 28ல் மூடும். ஆடியில் குளம் நிரம்பும், குஞ்சு விடலாம். பங்குனி, சித்திரையில் பிடிக்கலாம். இப்போது அந்தத் தேதிகளைப் பாருங்கள். 2017ல் அணை திறந்தது அக்டோபர் 2. 2018ல் ஜூலை 19. 2019ல் ஆகஸ்ட் 13. 2020ல் ஜூன் 12. 2022ல் மே 24லேயே திறந்துவிட்டார்கள். 2023ல் ஜூன் 12ல் திறந்தும், அணையில் தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2024ல் ஜூலை 28.

இதற்கு மழை மாறியது மட்டுமே காரணம் இல்லை. மேலே உள்ள அணைகளின் இருப்பு, நதிநீர்ப் பங்கீடு எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால் குளத்துக்காரருக்கு முடிவு ஒன்றுதான்: தண்ணீர் எப்போது வரும், எத்தனை மாதம் நிற்கும் என்பதைத் தேதி பார்த்துச் சொல்ல முடியாது. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தாருக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அணை திறந்த பிறகும் அவர்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்க நாளாகும்.

ஆகவே, தேதியை வைத்துக் குஞ்சு விடாதீர்கள். குளத்தில் நிற்கும் தண்ணீரை வைத்து விடுங்கள்.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஒரு மூங்கில் கழியில் அடிக் கணக்கைக் கோடு போட்டு, குளத்தின் ஆழமான இடத்தில் நட்டு வையுங்கள். வாரம் ஒரு நாள் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கோடையில் ஆவியாகும் தண்ணீர் மட்டும் ஒரு நாளைக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை போகும். அப்படியானால் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் ஓர் அடிக்கு மேல், சில குளங்களில் ஒன்றரை அடி வரை, வெயிலுக்கே போய்விடும். கசிவு இதற்கு மேல். மணல் கலந்த மண்ணில் கசிவு அதிகம், களிமண்ணில் குறைவு.

மீன் நன்றாக வளர 5 முதல் 6 அடி தண்ணீர் வேண்டும். 3 அடிக்குக் கீழே போனால் மதிய வெயிலில் அடித் தண்ணீர் வரை சூடேறிவிடும். உங்கள் குளத்தில் 3 அடிக்குக் குறையாமல் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்று அந்தக் கழி சொல்லிவிடும். அந்த மாதக் கணக்குதான் உங்கள் மீன் வளர்ப்புக் காலம்.

எத்தனை குஞ்சு, எந்த அளவு?

போர் வசதியோடு 10 மாதம் தண்ணீர் நிற்கும் குளம் என்றால், ஏக்கருக்கு 3,000 முதல் 4,000 விரலளவுக் குஞ்சுகள் விடலாம். ஆற்றுத் தண்ணீரையும் மழையையும் மட்டும் நம்பி 5, 6 மாதம் நிற்கும் குளத்தில் இதே எண்ணிக்கையை விடுவதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே ஏக்கருக்கு 1,500 முதல் 2,000 போதும். ஒரு மா குளத்துக்கு (33 சென்ட்) 500 முதல் 650 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் விரலளவில் விடாமல், 50 முதல் 100 கிராம் எடையுள்ள வளர்ந்த குஞ்சாக விட வேண்டும். கட்லா 40, ரோகு 30, மிர்கால் 30 என்ற விகிதம் இதற்குப் பொருந்தும். பாசிக்கொடியும் புல்லும் அதிகமுள்ள குளத்தில் கொஞ்சம் புல் கெண்டை சேர்க்கலாம். ஆனால் கரை உடைந்து அது நடவு வயலுக்குள் புகுந்தால் பயிரை மேய்ந்துவிடும், கவனம்.

வளர்ந்த குஞ்சுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஊரில் போர்த் தண்ணீர் வசதியுள்ள ஒருவர் சிறு குட்டையில் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, குறைந்த தீனியில் சில மாதம் வைத்திருந்தால் போதும். இப்படி ஒடுக்கி வைத்த குஞ்சு, விசாலமான குளத்துக்கு மாற்றியதும் வேகமாக வளரும். தண்ணீர் ஜூனில் வந்தாலும் ஆகஸ்ட்டில் வந்தாலும் குஞ்சு தயாராகக் கையில் இருக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால் செலவும் பங்காகிவிடும்.

கோடையில் மூச்சுத் திணறல் ஏன் வருகிறது?

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடத் தாங்காது. அதே நேரம் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பகலில் நன்றாக இருக்கும் குளம், விடியும் முன் திணறுகிறது.

பாசி அதிகமா என்று கையாலேயே பார்க்கலாம். உள்ளங்கையை மேல் நோக்கி வைத்துக் கையைத் தண்ணீரில் இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. அதற்கு முன்பே மறைந்தால் பாசி அதிகம். அப்போது சாணமும் உரமும் இடுவதை நிறுத்துங்கள்.

தீனியிலும் கணக்கு வேண்டும். ஏக்கர் குளத்தில் 400 கிராம் எடையில் 1,500 மீன் இருந்தால் மொத்தம் 600 கிலோ. நூற்றுக்கு 2 வீதம் தினம் 12 கிலோ தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதும். வெயில் கொளுத்தி மீன் தீனியைத் தொடாத நாட்களில் இதைப் பாதியாகக் குறையுங்கள். தின்னாத தீனி அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

மீன் மேலே வந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியவை:

- தீனியை அன்று முழுதும் நிறுத்துங்கள்.
- போர்த் தண்ணீர் விடுங்கள். ஆனால் குழாயைக் குளத்துக்குள் இறக்கிவிடாதீர்கள். போர்த் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. உயரத்திலிருந்து பலகையிலோ கல்லிலோ விழுந்து சிதறினால்தான் பலன்.
- போர் இல்லையென்றால் ஆயில் என்ஜினால் குளத்துத் தண்ணீரையே இறைத்து, மேலிருந்து சிதறி விழ விடுங்கள்.
- மறுநாளே பெரிய மீன்களில் ஒரு பங்கைப் பிடித்து விற்றுவிடுங்கள். மீதி மீனுக்கு மூச்சு கிடைக்கும்.

கடைசியாகச் சொன்னதை முன்கூட்டியே செய்வது இன்னும் நல்லது. ஒவ்வொரு மீனும் ஒரு கிலோ ஆகட்டும் என்று சித்திரை வரை காத்திருந்து மொத்தத்தையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைக் கிலோ, முக்கால் கிலோ வந்ததும் மாசி, பங்குனியிலேயே பகுதி பகுதியாக விற்கத் தொடங்குங்கள்.

அடைமழையும் புயலும்

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. இரண்டுமே நம் மாவட்டம் இரண்டு ஆண்டுக்குள் பார்த்தவை. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்தே இனி குளத்தைத் தயார் செய்ய வேண்டும்.

புரட்டாசிக்குள் கரையைப் பலப்படுத்துங்கள். நிரம்பிய தண்ணீருக்கு மேல் இரண்டு அடியாவது கரை இருக்கட்டும். வடிகால் குழாயில் வலை கட்டுங்கள். தாழ்வான கரையில் மூன்றடி உயரத்துக்கு வலை நட்டால், தண்ணீர் வழிந்தாலும் மீன் போகாது. புயலுக்குப் பிறகு குளத்தில் விழுந்த தென்னை மட்டை, இலை, தழைகளை இரண்டு மூன்று நாளுக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். அவை அழுகினால் கோடையில் வரும் அதே மூச்சுத் திணறல் கார்த்திகையிலும் வரும்.

பெருமழைத் தண்ணீர் சேர்ந்தால் குளத்தின் காரத்தன்மை இறங்கும். மழை விட்டதும் ஏக்கருக்கு 20 முதல் 40 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து, ஆறவைத்து, காலை வேளையில் பரவலாகத் தெளியுங்கள். மார்கழி, தைப் பனியில் மீன் உடம்பில் சிவப்புப் புண் வருவதை இது பெருமளவு தடுக்கும். புண் தெரிந்தால் மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கர் குளத்துக்கு 400 மில்லி வீதம் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்.

வயல் மருந்து குளத்துக்குள் வராமல்

சம்பா வயலில் பூச்சிமருந்து அடித்த மறுநாள் மழை பெய்து, அந்தத் தண்ணீர் குளத்தில் இறங்கினால் மீன் செத்து மிதக்கும். குறிப்பாக, பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து அடித்த பிறகு ஒரு வாரம், பத்து நாளாவது அந்த வயலின் வடிகாலைக் குளத்துக்குத் திருப்பாதீர்கள். பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நாட்டு மீனுக்கு ஒரு பள்ளம்

கடைசியாக, காசு கொடுத்து வாங்காத மீன்களைப் பற்றி. விரால், குறவை, கெளுத்தி, ஆரால், அயிரை எல்லாம் நம் வாய்க்காலும் வயலும் வளர்த்த மீன்கள். விராலும் குறவையும் காற்றிலிருந்தே மூச்சு வாங்கும். அதனால் கெட்ட தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் எல்லாக் குளமும் வறண்டால், அடுத்த ஆண்டுக்கு விதை மீன் எங்கிருந்து வரும்?

இரண்டு காரியம் செய்யலாம். குளத்தைத் தூர்வாரும்போது, பரப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மூன்றடி கூடுதலாக ஆழப்படுத்துங்கள். கோடையில் கடைசித் தண்ணீர் அங்கே நிற்கட்டும். அதை என்ஜின் வைத்து இறைத்துப் பிடிக்காதீர்கள். உங்கள் வளர்ப்பு மீனும் வெயில் நேரத்தில் அந்தப் பள்ளத்தில்தான் ஒதுங்கும். இரண்டாவது, புதுத் தண்ணீர் வரும் முதல் சில வாரங்களில் சினை மீன்கள் எதிரேறி வயலுக்குள் முட்டையிட வரும். அப்போது மடையில் ஊத்தாவும் சின்னக் கண் வலையும் வைத்து வாரி எடுத்தால், ஒரு தாய் மீனோடு ஆயிரக்கணக்கான குஞ்சும் போய்விடும். ஊராட்சிக் குளம் ஏலம் விடும்போதே இந்த இரண்டையும் நிபந்தனையாகப் பேசி எழுதிக்கொள்ளலாம். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னாலே போதும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை வளர்க்கத் தடை உள்ளது. வெள்ளத்தில் தப்பினால் நாட்டு மீன் அத்தனையையும் தின்றுவிடும்.

இந்த வாரமே ஒரு கழியைக் கோடு போட்டு நட்டுவிடுங்கள். ஓராண்டு எழுதிய நோட்டோடு உங்கள் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ வந்தால், உங்கள் குளத்துக்கு எத்தனை குஞ்சு, எப்போது விடலாம் என்று எங்களால் சரியாகச் சொல்ல முடியும். மானியம் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். விடியற்காலைப் போனுக்கும் வேலை இருக்காது.